தப்பியோடி வந்த சாட்சிகள்

1988ஆம் ஆண்டு ஜாக் ஹில்ஸ் என்ற அமெரிக்க வானியலாளர் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு சிறிய கட்டுரையை வெளியிட்டார். அவர் பணியாற்றிய இடம் நியூ மெக்சிக்கோவிலுள்ள லொஸ் அலமொஸ் தேசிய ஆய்வுகூடம். முதல் அணுகுண்டு உருவான அதே இடந்தான். நமது பால்வீதியின் நடுவில் பெருங் கருந்துளை ஒன்று இருக்கலாம் என்ற எண்ணம் அப்போது வானியலாளரிடையே நிலவியது. ஆனால் எவராலும் அதனை நிறுவ முடியவில்லை. ஒளியையே வெளிவிடாத ஒன்றுக்குச் சாட்சியை எங்கே தேடுவது? வெளியே தேடுங்கள் என்றார் ஹில்ஸ். கருந்துளையால் எறியப்பட்டுப் பால்வீதியை விட்டே ஓடிக்கொண்டிருக்கும் நட்சத்திரங்கள் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று அகப்பட்டாலே போதும், கருந்துளை உண்டென்பதற்கு அது ஏறத்தாழ முடிந்த முடிபான சான்று என்பது அவரது வாதம்.

வாதத்தின் அடிப்படை எளிமையானது. வானில் காணும் நட்சத்திரங்களிற் பல தனித்தவை அல்ல. இரண்டிரண்டாக ஒன்றையொன்று சுற்றி வருபவை. அத்தகைய சோடியொன்று கருந்துளையை மிக நெருங்கிச் சென்றால், அவ்விரண்டையும் பிணைத்திருக்கும் ஈர்ப்பைக் கருந்துளையின் ஈர்ப்பு வென்றுவிடும். ஒன்று கருந்துளையைச் சுற்றும் கைதியாகிவிடும். கைதியானது இழந்த சக்தி மற்றதைச் சேர, அது கவணிலிருந்து விடுபட்ட கல்லாக வெளியே எறியப்படும். செக்கனுக்கு 4,000 கிலோமீற்றர் வரை வேகம் கிட்டலாம் என ஹில்ஸ் கணித்தார். ஒப்பிட்டுப் பாருங்கள்: பூமியின் ஈர்ப்பை விட்டு நீங்க செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர் போதும். சூரியன் இருக்கும் இடத்திலிருந்து பால்வீதியை விட்டு நீங்குவதற்கு ஏறத்தாழ 550 கிலோமீற்றர் தேவை. சூரியன் ஓடுவதோ 230 அளவில்தான். ஆகவே நாம் எங்கும் போகப் போவதில்லை.

பதினேழு ஆண்டுகள் எந்தச் சாட்சியும் வரவில்லை. 2005இல் வந்தபோதும் தேடியதால் வரவில்லை. ஹாவர்ட்-ஸ்மித்சோனியன் வானியல் மையத்தைச் சேர்ந்த வொரன் பிரவுன், மார்கரெட் கெல்லர் முதலானோர் பால்வீதியின் திணிவை அளவிடும் நோக்கில், அதன் புறப்பகுதியிலுள்ள மங்கலான நீலநிற நட்சத்திரங்களை அரிசோனாவிலுள்ள 6.5 மீற்றர் தொலைகாட்டி மூலம் ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஹைட்ரா நட்சத்திரக் கூட்டத்தின் திசையில் இருந்த ஒன்று செக்கனுக்கு 853 கிலோமீற்றர் வேகத்தில் எம்மை விட்டு விலகிக்கொண்டிருந்தது. சூரியனின் ஓட்டத்தைக் கழித்துப் பார்த்தாலும் 709. எந்தக் கணக்கிலும் அது பால்வீதிக்குத் திரும்பி வரமாட்டாது. அதற்கு 'எஸ்.டி.எஸ்.எஸ். ஜே090745.0+024507' என்று பெயர். பெயரா அது, சிறைச்சாலை இலக்கம் போல!

ஹில்ஸ் வென்றார் என்று அன்றே எழுதியவர்கள் உண்டு. ஆனால் சாட்சியின் வாக்குமூலத்தில் ஒரு பாதி குறைந்தது. நிறமாலையைக் கொண்டு நட்சத்திரமொன்று எம்மை விட்டு எவ்வளவு வேகமாக விலகுகிறது என அறியலாம். அது பக்கவாட்டில் எப்புறம் நகர்கிறது என்பதைப் பல ஆண்டுகள் நுணுக்கமாக அளந்தாலன்றி அறிய இயலாது. அதை அறியாமல், புறப்பட்ட இடத்தை எவ்வாறு சொல்வது? வேகம் மட்டும் சான்றாகாது என்பதும் பின்னர் தெரிந்தது. 'யூஎஸ் 708' என்ற நட்சத்திரம் செக்கனுக்கு 1,200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதாக 2015இல் அளந்தார்கள். அது பால்வீதியின் மையத்திலிருந்து வந்ததன்று. அதன் துணைவன் வெடித்துச் சிதறியபோது தூக்கி எறியப்பட்டது என்பதே ஆய்வாளர் கொண்ட முடிபு.

'எச்ஈ 0437-5439' என்ற நட்சத்திரத்தின் கதை இன்னும் சுவையானது. 2005இல் கண்டறியப்பட்ட அது, சூரியனைப் போல் எட்டொன்பது மடங்கு திணிவுள்ளது. இத்தகையவை சில கோடி ஆண்டுகளே வாழும். பால்வீதியின் மையத்திலிருந்து அது நிற்கும் தொலைவுக்கு வரவோ 10 கோடி ஆண்டுகள் வேண்டும். வழியிலேயே இறந்திருக்க வேண்டிய ஒன்று எப்படி வந்தது? அயலிலுள்ள பெரிய மகெல்லன் முகிலிலிருந்து வந்திருக்கலாம் என்று கண்டுபிடித்தோரே அப்போது சொன்னார்கள். ஆனால் 2010இல் ஹபிள் தொலைகாட்டியின் அளவீடு பால்வீதியின் மையத்தையே சுட்டியது. வழியில் இரு நட்சத்திரங்கள் ஒன்றாகி இளமை பெற்றன என்று விளக்கமும் கூறப்பட்டது. உலகப் பத்திரிகைகள் அதைக் கொட்டை எழுத்தில் வெளியிட்டன. ஐரோப்பாவின் 'கையா' விண்கலத்தின் துல்லியமான அளவைகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, அது மகெல்லன் முகிலின் பிள்ளையே என்று காட்டியது. இந்தத் திருத்தம் எத்தனை பத்திரிகைகளில் வந்திருக்கும்? எங்கள் தொழிலில் முதற் செய்திக்குக் கிடைக்கும் இடம் திருத்தத்துக்குக் கிடைப்பதில்லை.

அதே 2019இல் ஹில்ஸ் கேட்ட சாட்சி ஐயத்துக்கிடமின்றி அகப்பட்டது. அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் ஆய்வகத்தில் கண்ட 'எஸ்5-எச்விஎஸ்1', செக்கனுக்கு 1,700 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில், சுமார் 48 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் பால்வீதியின் நடுவிலிருந்து புறப்பட்டது. ஆனால் வழக்கு அதற்குள் முடிந்துவிட்டது! மையத்தருகே சுழலும் நட்சத்திரங்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து, அங்கே 40 இலட்சம் சூரியன்களின் திணிவு ஒடுங்கியிருப்பதை நிறுவிய கென்செலும் கெஸ்ஸும் 2020இல் நோபல் பரிசு பெற்றனர். அவர்கள் பின்தொடர்ந்த நட்சத்திரங்களிற் சில, முன்னொரு காலம் சோடி பிரிந்து கைதியானவையாக இருக்கலாம் என்பார் உளர்.

அப்படியானால் ஹில்ஸின் யோசனை வீண்போயிற்றா? இல்லை, அயலூரில் பயன்பட்டது. பிரவுன் குழுவினர் 2014 வரை திரட்டிய 21 நட்சத்திரங்களை, கையாவின் புதிய அளவைகளோடு ஹாவர்ட் ஆய்வாளர்கள் மீண்டும் கணித்து 2025இல் வெளியிட்டனர். மூலத்தைத் தெளிவாகச் சொல்லக்கூடியவற்றுள் ஏறக்குறைய பாதி எமது மையத்திலிருந்து வந்தவையல்ல. பெரிய மகெல்லன் முகிலிலிருந்து வந்தவை. இவற்றிற் பல சிங்க இராசியின் திசையிலேயே குவிந்திருப்பது ஏன் என்ற பழைய புதிருக்கும் அதனால் விடை கிட்டியது. அவற்றை எறிய அங்கேயும் ஒரு கருந்துளை வேண்டும். அதன் திணிவு ஏறத்தாழ 6 இலட்சம் சூரியன்கள் எனக் கணக்கிட்டுள்ளனர். அக்கருந்துளையை எந்தத் தொலைகாட்டியும் காட்டவில்லை. தப்பியோடியவற்றின் வாக்குமூலத்தை வைத்துத்தான் இதைச் சொல்கிறார்கள்.

டிசெம்பர், ஜனவரி இரவுகளில் இலங்கையில் இருப்போருக்கு அந்த முகில் தென் அடிவானத்தை ஒட்டியே எழும். மங்கலானது, நகர வெளிச்சத்தில் தெரியாது. அவுஸ்திரேலியாவில் வாழும் நம்மவர் ஊர் வெளிச்சத்துக்கு அப்பால் போய் நின்றால் வெறுங் கண்ணாலேயே காணலாம்.