பொறியியல் மாதிரிச் செயலி

பொறியியல் மாதிரிச் செயலி என்பது, ஒரு கணினிச் செயலி விற்பனைக்கு வருமுன் சோதனைக்காகக் குறைந்த எண்ணிக்கையில் உருவாக்கப்படும் சில்லு ஆகும். ஆங்கிலத்தில் எஞ்சினியரிங் சாம்பிள் எனப்படும் இதனை இன்டெல், ஏஎம்டி போன்ற நிறுவனங்கள் தாய்ப்பலகை, கணினி, மென்பொருள் தயாரிப்பாளர்களுக்கு வழங்குகின்றன. அவற்றுட் சில பின்னர் இணைய ஏலத் தளங்களில் குறைந்த விலைக்கு வருகின்றன.

அடையாளம்

இன்டெல் மாதிரிகளின் உலோக மூடியில் "இன்டெல் கான்ஃபிடென்ஷியல்" என ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். விற்பனைச் செயலியில் "எஸ்" எழுத்தில் தொடங்கும் ஐந்து இடக் குறியீடு காணப்படும். மாதிரியில் இருப்பது "க்யூ" எழுத்தில் தொடங்கும் நான்கு இடக் குறியீடு. பல மாதிரிகளில், இயக்குதளம் காட்டும் செயலிப் பெயரில் மாதிரி எண்ணுக்குப் பதிலாக 0000 என்றே இருக்கும்.

பயன்கள்

விலையே முதன்மையான ஈர்ப்பு. பல கருக்கள் கொண்ட சியான் வழங்கிச் செயலிகளில் இவ்வேறுபாடு பெரிது. சில மாதிரிகளில் கடிகாரப் பெருக்கி பூட்டப்படாதிருப்பதால், மிகைவேக ஆர்வலர்கள் அவற்றை விரும்பித் தேடினர்.

இடர்கள்

மாதிரிகள் தனது உடைமை என்றும், விற்பனைக்குரியவை அல்ல என்றும், அவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்றும் இன்டெல் அறிவித்துள்ளது. எனவே விற்பவருக்கே அதனை விற்கும் உரிமை இராமற் போகலாம்.

தொழில்நுட்ப இடர் இதனினும் நுட்பமானது. தொடக்க நிலை மாதிரிகள் விற்பனைச் செயலியைவிடக் குறைந்த வேகத்தில் இயங்கலாம். சில வசதிகள் முடக்கப்பட்டிருக்கலாம். வழுக்கள் விற்பனைச் செயலிகளிலும் உண்டு. ஆனால் அவற்றுட் பலவற்றுக்கு நுண்நிரல் இற்றைப்பாடு மூலம் தீர்வு கிடைக்கிறது. ஒவ்வொரு நுண்நிரலும் குறிப்பிட்ட செயலி அடையாள எண்ணுக்கே பொருந்தும். தொடக்க மாதிரியின் எண் வேறாயின், அதற்குத் தீர்வு வந்து சேராது. 2018 சனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் பாதுகாப்புக் குறைகள் வெளியானபின் இது வெறும் வேகம் பற்றிய கேள்வியாக இல்லாமற் போயிற்று.

தாய்ப்பலகையும் தடையாகலாம். பயாசில் உரிய நுண்நிரல் இல்லையேல் கணினி தொடங்காமலே போகக்கூடும். பழைய பயாசில் இயங்கிய மாதிரி, புதிய பதிப்பை நிறுவியதும் நின்றுபோவதும் உண்டு.

தகுதி மாதிரிகள்

உற்பத்தியின் இறுதிக் கட்டத்தில் வருபவை தகுதி மாதிரிகள். இவை பெரும்பாலும் விற்பனைச் செயலியை ஒத்த வடிவமைப்பும் அடையாள எண்ணும் கொண்டவை. ஆகையால் இற்றைப்பாடுகள் இவற்றுக்கும் பொருந்தும். உத்தரவாதம் மட்டும் இவற்றுக்கும் இல்லை. விற்பனை விளம்பரங்களில் இருவகையும் ஒரே பெயரில் இடம்பெறுவதால், க்யூ குறியீடு தெரியும் ஒளிப்படத்தைக் கேட்டுப் பெறுவது வழக்கம்.