ஊசல் உணர்த்திய உண்மை

1656 ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் ஊசற் கடிகாரத்தை ஆக்கியபின், வானூலார்க்கு நம்பத்தக்க காலக்கருவியொன்று வாய்த்தது. அக்கருவியே புவியீர்ப்பின் இயல்பையும் பின்னர் உணர்த்தலாயிற்று.

1672 ஆம் ஆண்டிற் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தார், செவ்வாய்க் கோளை நோக்குதற்பொருட்டு யோன் றிஷே என்பவரைத் தென்னமெரிக்காவிலுள்ள கயேன் நகருக்கு அனுப்பினர். மத்தியகோட்டுக்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கேயுள்ள அவ்விடத்தில் அவரது கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பிந்தியது. அலைவொன்றுக்கு ஒரு செக்கனாகும்படி அமைக்க, பாரிஸிற் கொண்ட ஊசல் நீளத்தை அங்கு 2.8 மில்லிமீற்றர் அளவு குறுக்கவேண்டியிருந்தது.

வெப்பத்தால் உலோகக்கோல் நீண்டதே காரணமெனக் கூறி அமைதல் எளிது. றிஷேயோ பத்துத் திங்கள் வாரந்தோறும் அளந்து பார்த்தார். வேறுபாடு நீங்கவில்லை.

1687 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பெருநூலில் ஐசாக் நியூற்றன் இவ்வளவைகளை எடுத்தாண்டார். வெப்பத்தாலாகும் நீட்சி இத்துணை வேறுபாட்டுக்குப் போதாதென அவர் காட்டினார். புவி சுழல்வதாலும், மத்தியகோட்டருகே புடைத்திருப்பதாலும், ஆங்கு ஈர்ப்பாலாகும் ஆர்முடுகல் குறைகின்றது என்பதே அவர் கண்ட விளக்கம். இக்கால அளவைப்படி, செக்கனுக்குச் செக்கன் அது மத்தியகோட்டில் 9.780 மீற்றராகவும் முனைவில் 9.832 மீற்றராகவும் உள்ளது.

இதனால் திணிவும் நிறையும் வேறென்பது தெளிவாயிற்று. திணிவு பொருளில் அடங்கிய சடத்தின் அளவு. அது செல்லுமிடமெல்லாம் மாறாதது. நிறை அப்பொருளைப் புவி இழுக்கும் விசை. அது இடத்துக்கிடம் மாறும். எனினும் ஓரிடத்தில் இரண்டும் ஒரே விகிதத்தில் உள்ளன. பொன், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், நீர், கோதுமை ஆகியவற்றைச் சம நிறையாக எடுத்து, ஒத்த பெட்டிகளில் இட்டு ஊசலாக ஆட்டி, நியூற்றன் அதனை நிறுவினார். பொருள்கள் யாவும் ஒரே ஆர்முடுகலுடன் வீழ்வதன் காரணமும் இதுவே.

இவ்வேறுபாட்டை வணிகர் பன்னெடுங்காலம் உணராமைக்குக் காரணம் யாது? அவர்தம் தராசின் இரு தட்டிலும் ஈர்ப்பு ஒருங்கே குறையுமாதலின், பாரிஸிற் சமன்பட்டது கயேனிலும் சமன்படும். ஊசல் ஒன்றே அக்குறைவைக் காட்டிற்று.

நாளின் 1440 நிமிடங்களுள் இரண்டரை நிமிடம் மிகச் சிறிதே. அதனைக் கருவியின் குற்றமென்று றிஷே தள்ளியிருப்பின், புவியின் வடிவத்துக்கு நியூற்றன் காட்டிய சிறந்த சான்றொன்று அவர்க்குக் கிட்டியிராது.