திமிலைத் தாண்டிய விமானங்களும் நம்ம ஹெச்.ஏ.எல்.லும்

ஆஸ்டின் டவுனில் வளர்ந்த நமக்கெல்லாம் ஹெச்.ஏ.எல். என்றால் ஷிஃப்ட் பஸ்ஸும் கேன்டீனும்தான் ஞாபகம் வரும். அது ஒரு உலகப்போரின் பட்டறையாக இருந்த கதை பலருக்குத் தெரியாது.

1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் சீனாவுக்கான சாலை அடைபட்டது. அமெரிக்கர்கள் அஸ்ஸாமிலிருந்து மலைகளைத் தாண்டி குன்மிங் வரை பெட்ரோலும் தளவாடமும் சுமந்து பறந்தார்கள். அந்தப் பாதைக்கு 'ஹம்ப்' என்று பெயர். நம் பாஷையில் திமில். 1945-க்குள் சுமார் 6.5 லட்சம் டன் சரக்கு போய்ச் சேர்ந்தது. அதற்குக் கொடுத்த விலை, கிட்டத்தட்ட 600 விமானங்கள்! எதிரியின் குண்டைவிட பனி, புயல்காற்று, இஞ்சின் கோளாறுதான் அதிகம் பலி வாங்கின.

1943 ஆகஸ்ட் 2 அன்று ஒரு சி-46 விமானம் இஞ்சின் பழுதாகி நாகா மலையில் விழுந்தது. அதில் வானொலிச் செய்தியாளர் எரிக் செவரெய்டும் இருந்தார். 21 பேரில் 20 பேர் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார்கள். துணை விமானி இறந்துபோனார். தப்பியவர்களைக் காத்தது நாகா கிராமத்து மக்கள்.

அதே 1943-இல்தான் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை அமெரிக்க விமானப்படையின் பொறுப்புக்கு வந்தது. போர் விமானங்களும் சரக்கு விமானங்களும் அங்கே பழுது பார்க்கப்பட்டன. ஒரு இஞ்சின் நின்றால் எத்தனை உயிர் என்று யோசித்தால், அங்கே ஸ்பேனர் பிடித்த கைகளின் பொறுப்பு புரியும்.

2023-இல் அருணாச்சலத்தின் பாசிகாட்டில் ஹம்ப் விமானங்களுக்கு ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். உங்கள் தாத்தா அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவரா? அவர் சொன்ன கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். மலையில் விழுந்த விமானத்தையாவது தேடிக் கண்டுபிடிக்கலாம், மறந்த கதையை முடியாது.