மின்னஞ்சலும் மறைகுறியும்

கடிதத்தை உறையிலிட்டு ஒட்டி அனுப்புதல் மாந்தரிடை நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். உறையிலிட்டவன் குற்றவாளியென எவரும் ஐயுறுவதில்லை. மகன் தாய்க்கு எழுதுவதும் நோயாளி வைத்தியருக்கு எழுதுவதும் பிறர் கண்படாது செல்லற்பாலன என்பது யாவர்க்கும் ஒப்பமுடிந்தது. ஆயின், மின்னஞ்சலோ உறையின்றியே பிறந்தது. இடைவழியிலுள்ள கணினிகளில் எவரும் படிக்கத்தக்க அஞ்சலட்டையாகவே அது தொடக்கத்திற் சென்றது. அதற்கு ஓர் உறை சமைக்க முயன்றோரின் வரலாறு, அரசுக்கும் குடிமகனுக்கும் இடையே எழுந்த பெரியதொரு வழக்கின் வரலாறுமாகும்.

மறைகுறிக் கலை பழமை வாய்ந்தது. யூலியஸ் சீசர் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அதிலிருந்து மூன்றிடம் தள்ளிய எழுத்தை வரைந்தான் என்பர். வாத்சியாயனர் அடுக்கிய 64 கலைகளுள் மறைமொழி பற்றிய மிலேச்சித விகற்பமும் ஒன்று. எனினும், இக்கலை பெரும்பாலும் மன்னர்க்கும் படைத்தலைவர்க்கும் தூதர்க்குமே பயன்பட்டது. எழுதுவோனும் படிப்போனும் ஒரே திறவுகோலை முன்னரே பகிர்ந்திருத்தல் வேண்டும். அதனைக் காவலுடன் அனுப்பும் வலிமை அரசுக்கு உண்டு. தொலைவிலுள்ள நண்பர் இருவர்க்கு அஃது எளிதன்று.

இத்தடையை 1976 ஆம் ஆண்டில் விற்ஃபீல்ட் டிஃபி, மாட்டின் ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் தகர்த்தனர். பூட்டுதற்கு ஒரு திறவுகோல், திறப்பதற்கு வேறொன்று என்பதே அவர்தம் கருத்து. முன்னையதை ஊரறிய வழங்கலாம். பின்னையதை உரியவன் தன்னிடமே வைத்திருப்பான். 1977 இல் றிவெஸ்ற், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் இதனைச் செயற்படுத்தும் வழி கண்டனர். இரு பெரும் பகா எண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்கத்திலிருந்து அவ்வெண்களைப் பிரித்தறிதல் மிக அரிது என்னும் கணித உண்மையே அதன் அடிப்படை. பிரித்தானிய அரசின் மறைகுறி அறிஞர் சிலர் இவர்க்குச் சற்று முன்னரே இதனைக் கண்டிருந்தனர். ஆயினும் அஃது 1997 வரை அரசின் பெட்டகத்திலேயே உறங்கியது.

ஐக்கிய அமெரிக்காவில் 1991 ஆம் ஆண்டு மூதவையில் வந்த மசோதா ஒன்று, தொடர்புச் சாதனங்கள் யாவும் அரசு கேட்கும்போது செய்தியை வெளிப்படையாகத் தரத்தக்கனவாய் அமைதல் வேண்டுமென்றது. அவ்வாண்டிலேயே பிலிப் சிமர்மன் என்பவர், 'பீ.ஜீ.பீ.' என்னும் மறைகுறி நிரலை ஆக்கி இலவசமாக வெளியிட்டார். அது வலையமைப்பு வழியே கடல்கடந்து பரவிற்று. வலிய மறைகுறிச் சாதனங்கள் அந்நாட்டுச் சட்டப்படி போர்க்கலங்களோடு வைத்தெண்ணப்பட்டமையால், 1993 இல் அவர்மீது குற்ற விசாரணை தொடங்கியது. நூலை ஏற்றுமதி செய்வதைத் தடுத்தல் எளிதன்றாகலின், 1995 இல் அந்நிரல் முழுவதும் நூலாகவே அச்சிடப்பட்டது. 1996 சனவரியில் வழக்கெதுவும் தொடுக்கப்படாமலே விசாரணை கைவிடப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் ஏற்றுமதி விதிகளும் பெரிதும் தளர்ந்தன.

"மடியில் கனமில்லையேல் வழியில் பயமில்லை, மறைப்பது ஏன்?" என வினவுவாருளர். தீயோர்க்கும் இப்பூட்டு உதவும் என்னும் அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், மடியைச் சோதிப்பவன் யாவன், எவ்வளவு காலம், எவர் ஆணையால் என்னும் வினாக்களும் உடன் எழுகின்றன. அமெரிக்க அரசின் பரந்த கண்காணிப்பை 2013 இல் எட்வேட் சினோடன் வெளிப்படுத்தியபோது, பத்திரிகையாளரோடு தொடர்புகொள்ள அவர் நாடியதும் மறைகுறியிட்ட மின்னஞ்சலையே.

சட்டத்தடை நீங்கியும் இவ்வுறை பொதுவழக்காகவில்லை. 1999 இல் வெளியான ஆய்வொன்றில், பங்குகொண்ட 12 பேருள் மூன்றிலொரு பங்கினரே 90 நிமிடத்துள் பீ.ஜீ.பீ. கொண்டு மடலைச் செவ்வனே மறைத்து ஒப்பமிட வல்லராயினர். மேலும், மடலின் உள்ளீட்டை அது மறைப்பினும், எழுதியவர் யார், பெறுபவர் யார் என்பவை வெளிப்படையாகவே நின்றன. இதற்கு மாறாக, 2016 இல் வட்ஸ்அப் தன் பயனாளர் யாவர்க்கும் இருமுனை மறைகுறியைத் தானே இயங்குமாறு அமைத்தபோது, கணிதம் அறியாதோரும் அப்பாதுகாப்பைப் பெற்றனர்.

அரசரின் தனியுடைமையாயிருந்த கலையொன்று குடிமக்களின் கைக்கு வந்த வரலாறு இது. அதனை வென்றெடுத்தோர் சிலர். ஆயின், உறையை ஒட்டுவது எளிதாயிருந்தமையாலன்றோ ஊரார் யாவரும் கடிதத்தை ஒட்டி அனுப்பினர்? எளியோர்க்கும் எளிதாகக் கைவருமிடத்தே உரிமை நிலைபெறும் என்க.