பாம்புக்கடி மருந்து பிறந்த கதை

பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட வேண்டும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஊசியில் இருப்பது என்ன, அது எப்படி வந்தது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? கதை வியட்நாமில் தொடங்குகிறது.

1891-ல் சைகோன் நகரில் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியவர் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட். அப்போது மழை வெள்ளத்தில் ஒரு கிராமத்துக்குள் நாகப்பாம்புகள் புகுந்து பலரைக் கடித்தன. சிலர் இறந்துபோனார்கள். பிடிபட்ட பாம்புகள் கால்மெட்டிடம் வந்து சேர்ந்தன. அவர் நாக விஷத்தை ஆராயத் தொடங்கினார். விலங்குகளுக்கு விஷத்தை மிகச் சிறிய அளவில் செலுத்தி, மெல்ல மெல்லக் கூட்டினால், அவற்றின் ரத்தத்தில் விஷமுறிவு சக்தி உண்டாகிறது. அந்த ரத்தத்தின் சீரம்தான் மருந்து! 1894-ல் பிரான்சில் இதை அறிவித்தார். அதே ஆண்டில் பிசாலிக்ஸ், பெர்ட்ராண்ட் என்ற இருவரும் விரியன் விஷத்தை வைத்து இதையே கண்டறிந்தார்கள்.

ஆனால் நாகத்துக்கான சீரம் எல்லாப் பாம்புக்கும் வேலை செய்யும் என்று கால்மெட் நம்பினார். அது தவறு. பிரேசில் நாட்டு மருத்துவர் விட்டல் பிரேசில் தன் ஊர்ப் பாம்புகளின் விஷத்துக்கு அது பயன்படாததைக் கண்டு, அந்தந்தப் பாம்புக்கு அதனதன் சீரம் வேண்டும் என்று நிரூபித்தார்.

அதனால்தான் இன்று நம் ஊர் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைகளுக்குச் செலுத்தித் தயாரிக்கப்படுகிறது. அந்த விஷம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் இருளர்களிடமிருந்துதான். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் தொழில் நின்று அவர்கள் பிழைப்பு போனது. 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, பிறகு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

கால்மெட்டின் தவறு இன்னும் முழுதாகத் தீரவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள, மூக்கு மேல்நோக்கி வளைந்த குழிவிரியன் கடித்தால் இந்த மருந்து கேட்காது. இலங்கை பயன்படுத்துவதும் இந்திய மருந்துதான்! இன்னும் ஒரு விட்டல் பிரேசில் தேவைப்படுகிறார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள் நண்பர்களே: கடிவாயைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மருந்து அங்கேதான் இருக்கிறது.