வாக்கு ஒரு கணக்கு, இடம் இன்னொரு கணக்கு: இந்தியத் தேர்தல் கணிப்புகளின் வரலாறு

2016 மே 16 அன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முடிந்த மாலையில், தொலைக்காட்சிகளில் வந்த கணிப்புகளில் பெரும்பாலானவை தி.மு.க. கூட்டணியின் கையே ஓங்கியிருப்பதாகக் கூறின. மூன்றாம் நாள் எண்ணிக்கையில் 232 இடங்களில் அ.தி.மு.க.வுக்கு 134, தி.மு.க. கூட்டணிக்கு 98 என்று முடிவு வந்தது. கணித்தவர்களைக் கேலி செய்து ஓய்ந்தோம். ஆனால் இரு அணிகளும் பெற்ற வாக்குகளுக்கு இடையே இருந்த இடைவெளி சுமார் ஒரு விழுக்காடுதான். ஆயிரம் பேரிடம் எடுக்கும் மாதிரியில் மூன்று விழுக்காடு முன்பின்னாகப் பிசகலாம் என்பது புள்ளியியலின் பாலபாடம். மாதிரியைப் பத்து மடங்கு பெருக்கினாலும் ஒரு விழுக்காட்டுப் பிசகு தங்கிவிடும்.

மாதிரி பெரிதானால் கணிப்பு சரியாகும் என்ற நம்பிக்கை 1936லேயே அடிவாங்கியது. அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிரப்பி அனுப்பினர். அதை வைத்து, அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று இதழ் எழுதியது. அவரோ 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பெருமந்தக் காலத்தில் அவை இரண்டும் வசதி படைத்தவர் வீட்டுச் சங்கதிகள். பதில் போட மெனக்கெட்டவர்களிலும் ரூஸ்வெல்ட்டின் எதிர்ப்பாளர்களே அதிகம். மிகச் சிறிய மாதிரியோடு ரூஸ்வெல்ட்டின் வெற்றியைச் சரியாகச் சொன்ன ஜார்ஜ் காலப் அன்றிலிருந்து இத்துறையின் அடையாளமானார். 1948இல் ட்ரூமன் தோற்பார் என்று சொல்லி அவரும் சறுக்கினார். வாக்குப்பதிவுக்குச் சில வாரங்கள் முன்பே கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டது ஒரு முக்கியக் காரணம்.

இந்தியாவுக்கு இந்தக் கலையை 1950களில் கொண்டுவந்தவர் பொருளியல் இதழாசிரியர் எரிக் டி காஸ்டா. டெல்லியில் அவர் தொடங்கிய இந்தியப் பொதுக்கருத்து நிறுவனம்தான் முன்னோடி. 1963இல் ரஜனி கோத்தாரி நிறுவிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையம் 1967 பொதுத்தேர்தலையொட்டி அகில இந்திய ஆய்வை நடத்தியது. யார் வெல்வார் என்பதைவிட, எந்தச் சமூகத்தார் ஏன் எந்தக் கட்சிக்கு வாக்களித்தனர் என்பதையே அது தேடியது. தொலைக்காட்சிக் காலம் வந்தபின் முதல் கேள்வி மட்டும் மிஞ்சியது.

இத்துறையில் இந்தியா சொந்தமாகச் சேர்த்த சரக்கு 1980களில் வந்தது. பிரணாய் ராய், அசோக் லாகிரி, பிரிட்டனின் டேவிட் பட்லர் ஆகியோர் 'எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீடு' என்ற அளவையை உருவாக்கினர். எதிர்க்கட்சிகள் பெற்ற மொத்த வாக்குகளில் மிகப் பெரிய எதிர்க்கட்சியின் பங்கு எவ்வளவு என்பதே அது. ஆளுங்கட்சிக்கு 40 விழுக்காடு, எதிரணிக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். அந்த 60 ஒரே இடத்தில் குவிந்தால் ஆளுங்கட்சி காலி. மூன்றாகச் சிதறினால் அதே 40 பெருவெற்றி தரும். ஆக, வாக்கைக் கணிப்பது முதல் வேலை, அதை இடங்களாக மாற்றுவது இரண்டாவது வேலை. பிழைகள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் பெருக்கெடுக்கின்றன.

சான்றுக்குப் பஞ்சமில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 24 விழுக்காடு வாக்கு வாங்கிய தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 2019க்கும் 2024க்கும் இடையே நாடளவில் பா.ஜ.க. இழந்த வாக்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இழந்த இடங்கள் 63. 2024 தேர்தலில் பல நிறுவனங்கள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் கொடுத்தன, சில 400ஐத் தொட்டன. வந்தது 293.

முதல் வேலையும் எளிதல்ல. வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் லோக்நீதி பிரிவு தொகுதிகளையும் வாக்குச்சாவடிகளையும் குலுக்கல்போலத் தேர்ந்து, வாக்காளர் பட்டியலில் சம இடைவெளி விட்டுப் பெயர்களை எடுக்கிறது. களப்பணியாளர் அந்தப் பெயருக்குரியவரின் வீட்டுக்கே போகிறார். கட்சியின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. சின்னங்கள் அச்சிட்ட மாதிரிச் சீட்டில் குறியிட்டுப் பெட்டியில் போட்டால் போதும். பக்கத்தில் நிற்கும் கணவரோ ஊர்ப் பெரியவரோ பார்க்க முடியாது. வாக்குச்சாவடியை விட்டு வெளியே வருவோரை மறித்துக் கேட்கும் முறையில் இந்த வசதி குறைவு. தெருமுனையில், கட்சிக்காரர்களின் பார்வை படும் தூரத்தில், முன்பின் தெரியாத ஒருவரிடம் உண்மையைச் சொல்ல எத்தனை பேர் துணிவார்கள்? அஞ்சுகிறவர் ஒன்று மழுப்புவார், அல்லது ஜெயிக்கும் என்று ஊர் பேசும் கட்சியைச் சொல்லிவிட்டு நகர்வார்.

அரசு கணிப்புகளை வேறு கோணத்தில் பார்த்தது. 1998இல் தேர்தல் ஆணையம் கணிப்புகளை வெளியிடுவதைக் கட்டுப்படுத்த முனைந்தது. அதைச் செயல்படுத்தும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்று மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 126ஏ பிரிவு சேர்க்கப்பட்டு 2010இல் நடைமுறைக்கு வந்தது. கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை வாக்குச்சாவடிக் கணிப்புகளை வெளியிடக் கூடாது. மீறினால் இரண்டாண்டு வரை சிறை.

எப்போது வெளியிடலாம் என்பதற்கு இத்தனை கெடுபிடி காட்டும் அந்தப் பிரிவு, எப்படி எடுத்தீர்கள் என்று கேட்பதில்லை. மாதிரி எவ்வளவு, எந்த நாட்களில் எடுத்தது, பணம் கொடுத்தவர் யார், வாக்கு விழுக்காட்டை இடங்களாக மாற்றிய வழி என்ன? இந்த நான்கையும் கட்டாயமாக வெளியிட வைப்பது தடையைவிடப் பயனுள்ளது. அதுவரை, வாக்கு விழுக்காட்டைச் சொல்லாமல் இடங்களை மட்டும் அறிவிக்கும் எந்தக் கணிப்பையும் வாசகர்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை.