பனியன் நாள்

திருப்பூரில் ‘கம்பெனிக்குப் போறேன்’ என்றால் பனியன் கம்பெனிக்கு என்றுதான் பொருள். ஏற்றுமதிக்கு டி-ஷர்ட் தைத்தாலும் அது பனியன் கம்பெனியே. ஊரின் அடையாளமாகிவிட்ட இந்தச் சொல் முதலில் குறித்தது ஓர் ஆளை. அந்த ஆளிடமிருந்து அது ஆடைக்கும் போனது, கப்பல் சாப்பாட்டுக்கும் போனது.

குஜராத்தியில் ‘வாணியோ’ என்றால் வணிகர்; நம் வாணிகனுக்கு உறவான சொல். போர்ச்சுகீசியர் வாயில் அது ‘பனியன்’ ஆயிற்று. அந்த வணிகர்கள் புலால் தொடாதது ஐரோப்பியருக்குப் பெரிய வியப்பு.

1689இல் சூரத் பயணம் மேற்கொண்ட பாதிரியார் ஜான் ஓவிங்டன் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். இந்தப் பக்கத்துக் கடலில் ஐரோப்பிய மாலுமிகளுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் கிச்சடிதான் சாப்பாடு. அந்த நாள்களை அவர்கள் அறவே வெறுத்து ‘பனியன் நாள்’ என்றார்கள். பிரிட்டிஷ் கடற்படை முழுவதும் அந்தப் பெயர் பரவியது. கப்பல்களுக்கு உணவும் பானமும் வாங்கி அனுப்பவென்றே லண்டனில் 1683 முதல் தனி வாரியம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் படியளப்பில் ஒரு மாலுமிக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு பிஸ்கட், ஒரு கேலன் பீர். வாரத்துக்கு 4 பவுண்டு மாட்டிறைச்சி, 2 பவுண்டு பன்றி இறைச்சி. எல்லாம் உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்தது. திங்கள், புதன், வெள்ளியில் இறைச்சி கிடையாது. பட்டாணி, ஓட்ஸ் கஞ்சி, வெண்ணெய், பாலாடைக்கட்டியோடு சரி. அந்த மூன்றும் பனியன் நாள்கள். விரும்பி மரக்கறி உண்ட ஒரு கூட்டத்தாரின் பெயர், வயிறு நிறையாதவர்களின் முணுமுணுப்பாக மாறியது எனக்கு வருத்தம் தருகிறது. நெறியாக இருந்ததை அவர்கள் குறையாக மட்டுமே பார்த்தார்கள்.

ஆடையின் கதை சுருக்கமானது. வெயிலுக்கு இதமாக ஐரோப்பியர் வீட்டில் உடுத்திய தொளதொள அங்கிக்கு வணிகர் பெயரே வந்தது. பிறகு அது உள்ளாடைக்கு இறங்கியது. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, முன்பு மஸ்லினில் தைத்த பனியன் இப்போது இழுத்தால் நெகிழும் பின்னல் துணியில் வருவதாகக் குறிக்கிறது. திருப்பூரில் பின்னல் இயந்திரம் ஓடத் தொடங்குமுன்பே சொல் பின்னலுக்கு வந்துசேர்ந்துவிட்டது.

கடற்படையில் சொல் இன்னும் உயிரோடிருக்கிறது, பொருள்தான் தலைகீழ். கப்பலாட்கள் கரையிறங்கிக் கடற்கரையில் இறைச்சி சுட்டுத் தின்னும் உல்லாச நாளுக்கு இன்று ‘பனியன்’ என்று பெயர்.